வயதாகிவிட்டதா, சைக்கிள் வீரருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சாலை சைக்கிள் பந்தய வீரர் ஒருவர் முப்பதை ஒட்டி ஓய்வு பெற்றால், 'வயது' என்று ஒரே வார்த்தையில் செய்தி முடிந்துவிடுகிறது. ஆனால் ஸ்பெயின் வீரர் அலெஹாந்த்ரோ வல்வெர்டே 42 வயதுவரை ஓட்டினார். பல நாள் நடக்கும் டூர் டி பிரான்ஸில் 14 கட்டங்களை (ஒருநாள் ஓட்டங்களை) வென்ற மார்செல் கிட்டல் 2019இலும், இத்தாலியின் பெரும்பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவை 2017இல் வென்ற டாம் டூமுலன் 2022இலும் 31 வயதிலேயே விலகினார்கள். உடலும் மனமும் சோர்ந்ததாகத்தான் இருவரும் சொன்னார்கள்.

பெயர் தெரியாத வீரர்களின் கதை இன்னும் குறுகியது. புதிதாக வரும் இளைஞருக்கு வழக்கமாக இரண்டு ஆண்டு ஒப்பந்தம். ஆனால், அடுத்த பருவத்துக்கான வீரர் மாற்றங்கள் இரண்டாம் ஆண்டு ஆகஸ்ட் 1 முதலே அறிவிக்கப்படும். ஆக, திறமையைக் காட்டக் கிடைப்பது ஒன்றரை ஆண்டுதான். இரண்டாம் ஆண்டு வசந்தத்தில் காறை எலும்பு (கழுத்தடியில் தோளோடு சேரும் எலும்பு) முறிந்தால் போச்சு! தகடும் திருகும் வைத்து, சில நாளிலேயே நிலைசைக்கிளில் ஏறிவிடுகிறார்கள். எலும்பு கூடவோ ஆறு வாரமாவது வேண்டும். சைக்கிள் ஓட்டுவது எலும்பின்மேல் பாரம் ஏற்றாத பயிற்சி. மலையேற எடையையும் குறைப்பதால் எலும்பு அடர்த்தி குறைந்து, அடுத்த விழுதலில் எளிதாக முறிகிறது.

அதிகம் பேசப்படாதது இடுப்பிலிருந்து காலுக்குப் போகும் இலியாக் தமனியின் சிக்கல். குனிந்த நிலையில் லட்சக்கணக்கான முறை தொடை மடங்க, தமனி வளைந்து, உட்சுவர் தடித்துப்போகிறது. உச்ச வேகத்தில் ஒரு கால் மட்டும் மரத்து வலுவிழக்கும். நிறுத்தினால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். ஓய்வில் பரிசோதித்தால் நாடி சரியாகவே இருக்கும். அதனால் தசைப்பிடிப்பு, முதுகுவலி என்று மாதக்கணக்கில் தவறான சிகிச்சை நடக்கும். முழு முயற்சியோடு மிதிக்கவைத்து, இறங்கிய உடனே இரு கணுக்காலிலும் இரத்த அழுத்தம் பார்த்து, கையோடு ஒப்பிட்டால்தான் பிடிபடும். ஸ்பெயினின் பெரும்பந்தயமான வுவெல்டாவின் 2015 வெற்றியாளர் ஃபாபியோ ஆருவுக்கு இந்தத் தமனிக்கு 2019இல் சிகிச்சை செய்தார்கள்.

இத்தாலிய வீரர் சோனி கோல்பிரெல்லி 2021இல் பிரான்ஸின் ஒருநாள் பந்தயமான பாரி-ரூபே வென்றவர். 2022 மார்ச்சில் ஸ்பெயினின் கட்டலோனியா பந்தயத்தில் ஒரு கட்டம் முடிந்ததும் இதயம் நின்று சரிந்தார். உயிர் காக்க உடலில் பொருத்திய டீஃபிப்ரிலேட்டரோடு (மின் அதிர்ச்சி தந்து இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி) இத்தாலியில் போட்டியிட அனுமதியில்லை. 32 வயதில் விலகினார்.

இனி ஓய்வுச் செய்தி வெளியிடும்போது, ஒப்பந்தம் எப்போது முடிகிறது, முன்பு என்ன காயம் என்ற இரண்டு விவரங்களையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சைக்கிள் பந்தய வாசகர்