கதிருக்கு, உன் மகன் கேட்கும் ராப் பற்றி

மதுரை

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. இப்போது பேப்பரை விளம்பரம் விடாமல் படிக்கிறார்கள். உன்னை விசாரித்தார்கள். தேவி வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். மற்றபடி எல்லோரும் நலம்.

நீ எழுதியதில் பாதிக்கு மேல் நிலவனைப் பற்றித்தான். எந்நேரமும் காதில் ராப், காது கொடுத்துக் கேட்டால் சுடு, கொல்லு, பழி வாங்கு என்றே வருகிறது, போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். காலேஜ் நாளிலிருந்து இதைக் கேட்கிறவன் என்பதால் என்னிடமே கேட்கிறாய்: இந்தப் பாட்டு வன்முறையைத் தூக்கிப்பிடிக்கிறதா, எதிர்க்கிறதா? சரி, மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நீ இருக்கும் நியூ ஜெர்சியிலிருந்து நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதி ஒன்றும் தூரமில்லை. ராப் பிறந்த இடம் அதுதான். எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே தெருவுக்கு ஒரு கும்பல். 1971 டிசம்பரில் கெட்டோ பிரதர்ஸ் என்ற கும்பல், சண்டையைத் தீர்க்கத் தங்கள் ஆள் ஒருவரை அனுப்பியது. போனவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். பதிலுக்கு ரத்த ஆறு ஓடும் என்றுதான் ஊரே நினைத்தது. கெட்டோ பிரதர்ஸ் தலைவர்களோ மற்றக் கும்பல்களையெல்லாம் ஒரே கூடத்தில் உட்கார வைத்து சமாதானம் பேசினார்கள். ஒரு தெருப் பையன் இன்னொரு தெருவுக்குள் கால் வைக்க முடிந்ததே அதற்குப் பிறகுதான். ராப் இசைக்குத் தொடக்கம் என்று சொல்லப்படும் பார்ட்டி, கூல் ஹெர்க் என்ற டிஜே இசைத்தட்டு சுழற்றியது, நடந்தது 1973 ஆகஸ்டில். அப்படி ஒரு சமாதானம் இல்லாமல் அந்த மாதிரி பார்ட்டிகள் அங்கே பெருகியிருக்க முடியாது என்று நான் நம்புகிறேன்.

அதே ஊரில் நடந்த இன்னொரு கதையும் உனக்குத் தெரிய வேண்டும். ராப் பாடகர் கேஆர்எஸ்-ஒன் அப்போது வீடில்லாமல் காப்பகத்தில் தங்கியிருந்த இளைஞர். ஸ்காட் லா ராக் அங்கே சமூகப் பணியாளர். இருவரும் சேர்ந்து 1987-இல் 'கிரிமினல் மைண்டட்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். அட்டையில் இருவரும் துப்பாக்கிகளோடு உட்கார்ந்திருப்பார்கள். அதைப் பார்த்தால் நீ அன்றைக்கே போனைப் பிடுங்கிவிடுவாய். சில மாதங்கள்தான். ஆகஸ்டில், தங்கள் குழுப் பையன் ஒருவனுக்கு வந்த தகராறைப் பேசித் தீர்க்கப் போன ஸ்காட்டை யாரோ சுட்டார்கள். 25 வயதில் போய்விட்டார்.

அடுத்த ஆண்டே கேஆர்எஸ்-ஒன் வன்முறையை நிறுத்துங்கள் என்று பாடினார். நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் ஒரு ராப் கச்சேரியில் ரசிகர் ஒருவர் கொல்லப்பட்டபோது, மற்றப் பாடகர்களையும் சேர்த்துக்கொண்டு 1989-இல் 'செல்ஃப் டிஸ்ட்ரக்‌ஷன்' பாட்டைக் கொண்டுவந்தார். பப்ளிக் எனமி, எம்சி லைட், கூல் மோ டீ, ஹெவி டி எல்லோரும் அதில் இருக்கிறார்கள். வருமானம் நேஷனல் அர்பன் லீக் என்ற கறுப்பின மக்கள் நல அமைப்புக்குப் போனது. பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகை ராப் பாட்டுகளுக்குத் தனித் தரவரிசைப் பட்டியல் தொடங்கியபோது முதல் இடத்தில் இருந்த பாட்டு இதுதான் கதிர். கறுப்பின மக்கள் ஒருவரையொருவர் கொல்லாதீர்கள் என்ற பாட்டு! அடுத்த வருடம் மேற்குக் கரையிலும் இதே மாதிரி ஒன்று வந்தது. அதை முன்னின்று நடத்தியவர் லாஸ் ஏஞ்சல்ஸின் கிரிப்ஸ் என்ற தெருக் கும்பலில் இருந்து, குண்டடிபட்டு சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். போலீஸைத் திட்டிப் பாடியதற்காக எஃப்பிஐ கடிதம் எழுதிக் கண்டித்ததே என்.டபிள்யூ.ஏ என்ற ராப் குழு, அவர்களும் அதில் பாடினார்கள்.

துப்பாக்கி அட்டை, சமாதானப் பாட்டு, இரண்டும் ஒரே ஆளுடையவை. அதனால்தான் ராப் மொத்தத்துக்கும் ஒரே தீர்ப்புச் சொல்ல என்னால் முடியவில்லை. ஒரு பாட்டைக் கேட்கும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இதில் செத்தவனுக்கு என்ன மரியாதை கிடைக்கிறது?

1982-இல் வந்த 'தி மெசேஜ்' பாட்டின் கடைசிப் பகுதியில் ஒரு குழந்தை வறுமையில் பிறந்து, வளர்ந்து, திருடி, ஜெயிலுக்குப் போய், அங்கே தூக்கில் தொங்குகிறது. அந்தப் பையனுக்காக நம் வயிறு கலங்கும். ராப் பாடகர் கென்ட்ரிக் லமார் தன் 2012 ஆல்பத்தில் ஒரு பாட்டை ஒரு நண்பனின் குரலில் பாடுகிறார். அண்ணன் செத்ததைச் சொல்லி, பழிவாங்கும் வெறியையும் மறைக்காமல் சொல்லிக்கொண்டே வருகிறான். துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது, வரி பாதியில் நின்றுவிடுகிறது. கும்பல் சண்டைக்குப் பேர்போன கலிஃபோர்னியாவின் காம்ப்டனில் வளர்ந்த ஒருவரால்தான் அதை அப்படி எழுத முடியும். கெட்ட வார்த்தையை மட்டும் எண்ணுகிற பெற்றோர் காதில் இதெல்லாம் விழவே விழாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை உனக்கு மறைக்க மாட்டேன். சிகாகோவில் 2011-இல் 15 வயதுப் பையன் ஒருவன் சுடப்பட்டு இறந்தான். எதிர்த் தரப்பு ராப்பர்கள் அவன் பெயரைக் கஞ்சாவுக்கு வைத்து, அவனைப் புகைக்கிறோம் என்று பாடினார்கள். வருடக்கணக்காகப் பாடினார்கள். ஊர் உலகமெல்லாம், அவன் யாரென்றே தெரியாத பிள்ளைகள் அதைத் திருப்பிப் பாடின. அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்? டிரில் என்ற அந்த ராப் வகையில் நல்ல பாட்டும் உண்டு. ஆனால் நிஜமாகச் செத்த ஒரு பிள்ளையை ஏளனம் செய்கிற பாட்டை, வறுமையின் குரல், தெருவின் உண்மை என்று சொல்லி யாரும் என்னிடம் நியாயப்படுத்த வேண்டாம். அது அடுத்த கொலைக்கு அழைப்பு. அதைக் காசு கொடுத்து வளர்த்த கம்பெனிகளுக்கும் அந்தப் பாவத்தில் பங்கு உண்டு.

இந்த வித்தியாசம் நீதிமன்றங்களுக்கும் பிடிபடுவதில்லை. அட்லாண்டாவில் யங் தக் என்ற ராப் பாடகர் மீது நடந்த கும்பல் குற்ற வழக்கில் அவர் பாட்டு வரிகளையே சாட்சியமாக அனுமதித்தார்கள். பாடுகிறவர் சொல்வதெல்லாம் ஒப்புதல் வாக்குமூலமா? பாட்டு வரிகளைச் சாட்சியமாக்குவதற்குக் கலிஃபோர்னியா கடிவாளம் போட்டு 2022-இல் சட்டம் கொண்டுவந்தது நல்ல காரியம். கேரி ஃப்ரைட் என்ற உளவியலாளர் தொண்ணூறுகளில் ஒரு சோதனை செய்தார். போலீஸ்காரரைச் சுட்டவனைப் பற்றிய பழைய நாட்டுப்புறப் பாணிப் பாட்டின் வரிகளை எடுத்து, சிலரிடம் இது கன்ட்ரி பாட்டு என்றார், சிலரிடம் ராப் என்றார். ராப் என்று கேட்டவர்களுக்குத்தான் அதே வரிகள் அதிக ஆபத்தாகத் தெரிந்தன. உன் பதற்றத்திலும் இது கொஞ்சம் கலந்திருக்கிறதா என்று யோசித்துப் பார்.

போனைப் பிடுங்காதே. பிடுங்கினால் நண்பன் போனில் கேட்பான், உன்னிடம் பேசுவதையும் நிறுத்திவிடுவான். கென்ட்ரிக்கின் அந்தப் பாட்டு 12 நிமிடம் ஓடும். பெயர் 'சிங் அபவுட் மீ'. நீயும் அவனும் காரில் போகும்போது முழுதாகப் போட்டுக் கேளுங்கள். ஏன் வரி பாதியில் நின்றது என்று அவனிடமே கேள். அப்புறம் சிகாகோ பையன் கதையையும் சொல். கேட்டுவிட்டு அவன் என்ன சொல்கிறான் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இவ்வளவு எழுதினாயே, அவன் யார் யாரைக் கேட்கிறான் என்று ஒரு பெயர்கூட எழுதவில்லை. பட்டியலை அவன் கையாலேயே எழுதி அனுப்பச் சொல். நானும் கேட்டுவிட்டு அவனுக்கே பதில் போடுகிறேன்.

அன்புடன்,
சேகர்