செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். நம் கணினிப் பயனர் சங்கத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆண்டு முழுவதும் நம்மை அலைக்கழித்தது ஒரே விஷயம்: கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் கூடிய மென்பொருள், எழுதும் நம் இளைஞர்களுக்கும், விண்டோஸை நம்பிக் கடை நடத்தும் உறுப்பினர்களுக்கும் இடையே வந்த மனத்தாங்கல். அதை மறைக்காமல் பதிவு செய்வது என் கடமை.

மார்த்தாண்டத்தில் டிடிபி சென்டர் நடத்தும் நம் அக்காவிடம் பங்குத் திருவிழா மலர், கோயில் கொடை நோட்டீஸ், கல்யாணக் கார்டு என்று இருபது வருட மேட்டர், பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரில் கிடக்கிறது. எல்லாம் பாமினி எழுத்துரு. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற குறிகள்தான். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்த 7.0, தமிழ் எழுத்துகளுக்குத் தனிக் குறிகள் கொடுத்து எல்லாக் கணினியிலும் போனிலும் வாசிக்க வைக்கும் யூனிகோடு முறை அதற்குத் தெரியாது. அந்த மேட்டரை அப்படியே எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் ஒருவராலும் வாசிக்க முடியாது.

நம் உறுப்பினரான ஒரு தம்பி இதற்காகப் பைத்தான் என்ற நிரல்மொழியில், பாமினியை யூனிகோடாக்கும் ஒரு மாற்றி எழுதி, கட்டற்ற மென்பொருளுக்கான ஜிபிஎல் உரிமத்தில் எல்லோருக்கும் கொடுத்தார். லேசான வேலை அல்ல. பாமினியில் ‘கொ’ எழுதக் கொம்பு முதலில், ‘க’ நடுவில், கால் கடைசியில். யூனிகோடிலோ ‘க’ முன்னால் வந்து ஒகரக் குறி பின்னால் வர வேண்டும். எழுத்தை மாற்றுவதோடு வரிசையையும் திருப்பிப் போட வேண்டும். ஆனால் அக்காவின் விண்டோஸ் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது கறுப்புத் திரை ஒன்று வந்தது, கண்மூடித் திறப்பதற்குள் மறைந்தது.

அடுத்த கூட்டத்தில் வாக்குவாதம் முற்றியது. “லினக்ஸ் போட்டுக்கிடுங்க அக்கா, எல்லாம் சரியாவும்” என்றார் தம்பி. லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் போடும் கட்டற்ற இயங்குதளம். “மக்களே, எனக்க சோறு பேஜ்மேக்கர்லதான் கெடக்கு. ஓசியில தாறேன்னு சொல்லி எனக்க கடைய மாத்தச் சொல்லாத” என்றார் அக்கா. விண்டோஸில் ஓடும் டாலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கெழுதுகிறவர்களும் அக்கா பக்கம் நின்றார்கள். “கொடுத்தவன்தானே ஓட வைக்கணும்” என்று ஒருவர் சொன்ன சொல்தான் தம்பியை மிகவும் நோகடித்தது. வேலை முடிந்து வந்து ராத்திரி உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவரிடம் சம்பள ஆளிடம் கேட்பதுபோல் கேட்டது தவறு. பிழைப்பையே மாற்றிக்கொள்ளச் சொல்லி ஒரே வரியில் முடித்ததும் தவறு. இரண்டையும் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், நான் சொல்லவில்லை.

அதற்கடுத்த கூட்டத்தில் 2024 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்இசட் விவகாரத்தை எடுத்துப் பேசினோம். லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள, கோப்புகளைச் சுருக்கும் அந்தக் கட்டற்ற கருவியைப் பல ஆண்டுகள் பெரும்பாலும் ஒரே மனிதர் சம்பளமின்றிப் பார்த்துவந்தார். ஏன் தாமதம், ஏன் தாமதம் என்று அவரை நெருக்கினார்கள். சோர்ந்திருந்த நேரத்தில் உதவிக்கு வந்தவராக நுழைந்த ஒருவர் பொறுப்பைப் பெற்று உள்ளே கள்ளவாசல் வைத்தார். தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியான உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து அதைப் பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட். அவர் விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்டில் வேலை பார்ப்பவர் என்றதும் கூட்டம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. நம் மூத்த உறுப்பினர் ஒருவர் தமிழ்த் தட்டச்சு மென்பொருளான இ-கலப்பையை நினைவூட்டினார். நம்மில் பலர் முதன்முதலில் யூனிகோடுத் தமிழ் அடித்தது அந்தக் கட்டற்ற மென்பொருளில். அது எழுதப்பட்டதே விண்டோஸ்காரர்களுக்காகத்தான்.

அதன்பின் தம்பி ஒரு சனிக்கிழமை அக்காவின் கடைக்கே போனார். கோப்பு, யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் குறியாக்கமான யுடிஎஃப்-8இல் எழுதப்பட வேண்டும் என்று நிரலில் குறிப்பிடாமல் விட்டிருந்தார். லினக்ஸில் அதுவே இயல்பு. விண்டோஸிலோ பைத்தான் பழைய குறியாக்கம் ஒன்றை எடுத்துக்கொண்டு முதல் தமிழ் எழுத்திலேயே நின்றிருக்கிறது. திருத்தம் ஒரே வரி. அக்கா தன் பழைய மேட்டரையெல்லாம் சோதனைக்குக் கொடுத்தார். ‘ஸ்ரீ’ உடைவதையும், கொம்பு இடம் மாறுவதையும் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு, புரூஃப் திருத்துவதுபோலவே அனுப்பினார். அதைவிடத் தெளிவான பிழை அறிக்கையை நான் பார்த்ததில்லை. அதை மாதிரியாக வைத்துத் தமிழில் ஒரு பக்கப் படிவம் தயாரித்திருக்கிறோம்: என்ன அடித்தீர்கள், என்ன வந்தது, எந்த எழுத்துரு, எந்த விண்டோஸ்.

அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகள் சிலவற்றுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தோம். பிரிண்டர் ஓடாததால் ஒருவர் பழையபடி திரும்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல வேண்டாம். களியக்காவிளை தாண்டினால் கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸில் படிக்கிறார்கள். அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடத்தையும் அதற்கேற்ப அமைத்தார்கள். ஒரு சிடியைக் கையில் கொடுத்துவிட்டு நாம் அதை எதிர்பார்க்க முடியாது.

தீராதவையும் உண்டு. டாலி உறுப்பினர்களின் குறை அப்படியே இருக்கிறது. மாற்றியைச் சொடுக்கினால் ஓடும் கோப்பாகக் கொடுத்தால் விண்டோஸ் எச்சரிக்கை காட்டுகிறது. அதைத் தவிர்க்க உதவும், மென்பொருளைக் கொடுத்தவர் யார் என்று காட்டும் கையொப்பச் சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தச் செலவைத் தம்பியின் தலையில் வைக்காமல் சங்கம் ஏற்க வேண்டும் என்பது என் முன்மொழிவு. அன்றைய வாக்குவாதத்துக்குப் பின் வராமல் இருக்கும் நிரலாளர் ஒருவரை நேரில் போய் அழைக்கத் தலைவரும் நானும் தீர்மானித்திருக்கிறோம்.

இவ்வறிக்கையை ஏற்று, முன்மொழிவின்மீது முடிவெடுக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்