பகல் கச்சேரிகளையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

மார்கழியில் சென்னையில் காண வேண்டியவை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். மயிலாப்பூர் மாட வீதிக் கோலங்கள் முதல் கச்சேரிகள் நடத்தும் சபாக்களின் உணவகங்கள் வரை எல்லாம் இருந்தன. பகல் கச்சேரிகள் மட்டும் விடுபட்டுவிட்டன. பல சபாக்களில் மாலைக் கச்சேரிக்குத்தான் டிக்கெட். பகலில் இளம் கலைஞர்கள் பாடும்போது அனுமதி இலவசம். சென்ற ஆண்டு ஒரு சபாவில், நண்பகலில், ஓர் இளம்பெண் தோடி ராகத்தை அவசரமின்றி விரித்துப் பாடினார். கேட்க முன்வரிசைகளில் சில முதியவர்களே இருந்தோம். வெளியே காசி அல்வாவுக்கோ நீண்ட வரிசை! (அல்வாவின் மேல் எனக்கும் பகையில்லை.)

1927 சென்னைக் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டில் வேர்விட்டது இந்த மார்கழி இசை விழா. இலவசக் கச்சேரிகளின் நேரம், இடம், அருகிலுள்ள பஸ் நிறுத்தம் ஆகியவற்றைத் தாங்கள் நாள்தோறும் கட்டம் கட்டி வெளியிடலாம். சபாக்களும் ‘அனுமதி இலவசம்’ என்ற பலகையைத் தெருவில் போவோர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும்.

- ஒரு வாசகர், சைதாப்பேட்டை