பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை போன் வேண்டாம்

சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அரசு தொடக்கப் பள்ளியில் பல வருடங்களாக ஒன்றாம் வகுப்பு எடுப்பவள். ஜூன் முதல் வாரத்திலேயே எந்தப் பிள்ளை அங்கன்வாடிக்கு ஒழுங்காகப் போனது என்று கேட்காமலே சொல்லிவிடுவேன். அ, ஆ தெரிகிறதா என்பதை வைத்து அல்ல. அந்தப் பிள்ளை 'ஒண்ணுக்கு வருது டீச்சர்' என்று எழுந்து வந்து சொல்லும். மற்றது நனைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். கதை சொன்னால் அங்கன்வாடிக்குப் போன பிள்ளை 'அப்புறம்?' என்று கேட்கும். இவ்வளவு போதும், எழுத்தை நான் பார்த்துக்கொள்வேன்.

1975 அக்டோபர் 2 அன்று அங்கன்வாடிகளை நடத்தும் ஐ.சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம்) தொடங்கியபோதே அதன் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று. ஆனாலும் எங்கள் ஊரில் அது இன்றும் 'பால்வாடி', சோறு போடுகிற இடம். சோறும் முட்டையும் சின்ன விஷயமில்லை. பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் பாட்டு ஏறாது. நான் சொல்ல வந்தது சோற்றுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தைப் பற்றி.

போன டிசம்பரில் பள்ளியை ஒட்டியிருக்கும் மையத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உதவியாளர் அடுப்படியில். பணியாளர் யானைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பாதிக் கதையில் போன்: போஷன் டிராக்கரில், அதாவது அங்கன்வாடிப் பதிவுகளை ஏற்றும் போன் செயலியில், இன்றைய பதிவு ஏன் ஏறவில்லை? அது முடிவதற்குள் சத்துமாவு வாங்க ஒரு தாய் வந்தார். அவர் முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்க வேண்டும், சிக்னலோ வாசலில்தான் கிடைக்கும். கையைத் தும்பிக்கையாக மூக்கில் வைத்திருந்த ஒரு குட்டிப்பெண், டீச்சர் திரும்பி வரும்வரை கையை இறக்கவே இல்லை. யானை ஆற்றைத் தாண்டியதா என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. வாக்காளர் பட்டியல் வேலை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

'பால்வாடியில எழுதவே வைக்கிறதில்லையே' என்று சொல்லித்தான் பெற்றோர் கடன் வாங்கி வேன் வைத்த பள்ளிக்கு அனுப்புகிறார்கள். மூன்று வயதில் மணிக்கட்டு எலும்புகளே முழுதாக உருவாகியிருக்காது. மண் பிசைந்து, மணி கோத்து, காகிதம் கிழித்த கைக்குத்தான் பென்சில் பிடி வரும். உங்கள் துறையின் 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டமும் விளையாட்டைத்தான் நம்புகிறது. அதை நடத்த நேரம் எங்கே? 2019 ஜனவரியில் 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினீர்கள். 2022-ல் நிறுத்துவதாகச் செய்தி வந்தது, எதிர்ப்பு எழுந்ததும் தொடரும் என்றார்கள். இப்படி ஆடுகிற நாற்காலியில் எந்தத் தாய் பிள்ளையை உட்கார வைப்பாள்?

காலை 10 முதல் 12 வரை எந்தப் பதிவும், எந்தப் படமும், எந்த அழைப்பும் பணியாளரைத் தேடி வரக்கூடாது என்று உத்தரவு போடுங்கள். பதிவை மதியத்துக்கு மேல் ஏற்றினால் குடி முழுகிப் போகாது.

இன்னொன்று. எங்கள் பள்ளிக்கும் அந்த மையத்துக்கும் நடுவே ஒரு வேப்பமரமும் இருபதடி மண்ணும்தான். மார்ச், ஏப்ரலில் ஐந்து வயதுப் பிள்ளைகளை வாரம் ஒரு நாள் என் வகுப்பில் வந்து உட்காரவிட அனுமதி கேட்டோம். 'அது வேற டிபார்ட்மென்ட்' என்று வாய்மொழியாகவே பதில் வந்தது. பள்ளிக் கல்வித் துறையும் நீங்களும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். பாய் விரித்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒன்றாம் வகுப்பு ஆசிரியை