ஆறிய தோலும் ஆறாத வலியும்

திருவையாறு

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மேட்டூர்த் தண்ணீர் இங்கே வந்துவிட்டது. புஷ்ய மண்டபத் துறையில் படிகளைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது காவிரி. நேற்றுப் போய் மஞ்சளும் பூவும் விட்டுவிட்டு வந்தேன். கண்டியூர்ப் பக்கம் குறுவை நடவு மும்முரமாக நடக்கிறது.

சரி, உன் முதுகுக்கு வருகிறேன். ஸ்கேனில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று சொன்னதிலிருந்து குனியவே பயம், கோலம் போடுவதையும் விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் அக்கிக் கதையை உனக்கு முழுசாகச் சொல்லவே இல்லை.

போன வருஷம் இதே ஆனியில்தான் இடது விலாவில் வந்தது. குயவர் வீட்டுப் பெரியவரிடம் காவி குழைத்து எழுதிக்கொண்டு ஐந்து நாள் இருந்துவிட்டேன். வைரஸுக்கான மாத்திரையை முதல் மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் என்று பிறகுதான் தெரிந்தது. கொப்புளம் காய்ந்து, பொருக்கு உதிர்ந்து, ஒரு மாதத்தில் தோல் ஆறிவிட்டது. வலி மட்டும் போகாமல் தங்கிவிட்டது. ரவிக்கையின் தையல் ஓரம் பட்டால் தீக்குச்சியை இழுத்த மாதிரி இருக்கும். ஃபேன் காற்றுகூடப் படக்கூடாது. அதே இடத்தை உள்ளங்கையால் நன்றாக அழுத்திப் பிடித்தால் தாங்கிக்கொள்ளலாம், லேசாக வருடினால்தான் உயிர் போகும். முதலில் பார்த்த டாக்டர், "தோல் ஆறியாச்சும்மா, நீங்கதான் அதையே நினைச்சிக்கிட்டு இருக்கீங்க" என்று அனுப்பிவிட்டார். அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்டி.

அப்புறம் தஞ்சாவூரில் பார்த்த டாக்டர்தான் உட்கார வைத்து விளக்கினார். ஆறாம் வகுப்பில் நம் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் சின்னம்மை போட்டதே, நினைவிருக்கிறதா? அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதே இல்லையாம். முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஐம்பது வருஷம் பதுங்கிக் கிடந்துவிட்டு, எதிர்ப்புச் சக்தி குறையும்போது எழுந்து நரம்பு வழியாகவே தோலுக்கு அக்கியாக வருகிறது. வரும் வழியில் நரம்பையும் கெடுத்துவிடுகிறது. கெட்டுப்போன நரம்பு யாரும் தொடாமலே சேதி அனுப்பிக்கொண்டிருக்கும்.

அதிலிருந்து கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். 1965இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒன்று சொன்னார்கள்: தண்டுவடத்தில் ஒரு கதவு மாதிரி அமைப்பு இருக்கிறது, வலிச் சேதி எவ்வளவு மூளைக்குப் போகலாம் என்பது அங்கே தீர்மானமாகிறது. எனக்கு அது மடை என்றுதான் மனதில் பதிந்தது. முட்டியில் இடித்துக்கொண்டால் கை தானாகப் போய்த் தேய்க்கிறதே, அந்தத் தொடு உணர்ச்சி மடையைக் கொஞ்சம் அடைக்கிறது. மேலே மூளையிலிருந்தும் கட்டளை வரும். பயமும் தூக்கமின்மையும் மடையைத் திறந்துவிடும். அவர்கள் சொன்னபடியே எல்லாம் அச்சாக நிரூபணமாகவில்லை, ஆனால் அடிப்படை நிலைத்துவிட்டது. 1983இல் கிளிஃபர்ட் வுல்ஃப் என்ற ஆராய்ச்சியாளர் இன்னொன்றைக் காட்டினார். அடி பட்ட பிறகு தண்டுவட நரம்புகளே மாறி, கூர்மையாகிவிடுகின்றன. அப்போது சாதாரணத் தொடுகைகூட வலியின் பாதையில் ஏறிவிடுகிறது. என் ரவிக்கைத் தையலுக்கு விளக்கம் கிடைத்த நாள் அது. நான் கற்பனை செய்யவில்லை வசந்தா! வலி நிஜம்.

உன் கதை இதற்கு நேர் எதிர். எனக்குத் தோலில் ஒன்றும் தெரியவில்லை, வலி இருந்தது. உனக்கு ஸ்கேனில் தெரிகிறது, அதனாலேயே வலி என்று நினைக்கிறாய். முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியிட்டார்கள். 60 வயதுக்காரர்களில் 69 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. வலியே இல்லாமல்! நரை மாதிரிதான் அது பல பேருக்கு. உன் வலிக்கு டிஸ்க்கில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. கால் மரத்துப் போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காதே. அப்படி எதுவும் இல்லை என்று உன் டாக்டரே சொல்லியிருக்கும்போது, குனிந்தால் முதுகெலும்பு உடைந்துவிடும் என்ற பயம் எதற்கு?

அமெரிக்காவில் கொலராடோவில் நாள்பட்ட முதுகு வலிக்காரர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். வலி வந்தாலும் ஆபத்தில்லை என்று உணரப் பழக்கி, பயந்த அசைவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வைத்தார்கள். நான்கு வாரத்தில், அந்தச் சிகிச்சை எடுத்தவர்களில் 66 சதவீதம் பேருக்கு வலி போய்விட்டது அல்லது அநேகமாகப் போய்விட்டது. வழக்கமான மருத்துவத்தோடு இருந்தவர்களில் 10 சதவீதம்தான். ஒரு சோதனையை வைத்து எல்லாருக்கும் சரியாகும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் வருஷக்கணக்கில் வலியைப் பழகிய நரம்பு, அதை மறக்கவும் பழகும் என்பது எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

எனக்கு ராத்திரியில் அமிட்ரிப்டிலின் குறைந்த அளவில் கொடுத்தார்கள். மன அழுத்தத்துக்கான மருந்தாயிற்றே என்று இவர் பதறினார். நரம்பு வலிக்கும் அது கேட்கும். வாய் வறளும், காலையில் தூக்கம் கலைய நேரமாகும், அவ்வளவுதான். இப்போது ஃபேனுக்குக் கீழே தூங்குகிறேன். ரவிக்கை இன்னும் சில நாள் உறுத்துகிறது.

ஒன்று சொன்னால் கேட்பாயா? நாளைக் காலையில் வாசலில் நாலு புள்ளிக் கோலம் போதும். முட்டியை மடக்கி உட்கார்ந்து போடு. ஒரு வாரம் கழித்து ஒரு புள்ளி கூட்டு. அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது அக்கித் தடுப்பூசி பற்றியும் கேள், 50 வயதுக்கு மேல் போடுகிறார்கள், இரண்டு ஊசி. விலைதான் அதிகம்.

ஆடிப்பெருக்குக்கு வருகிறாயா என்று எழுது. சித்ரான்னம் நான் கட்டிக்கொண்டு வருகிறேன். துறைக்கு நடந்தே போகலாம், வழியில் உட்கார இரண்டு திண்ணை பார்த்து வைத்திருக்கிறேன்.

உன்,
மீனாட்சி