பள்ளி இசைப் போட்டி விதிகள் குறித்து மீனாட்சிக்கு

கேட்டி, டெக்சஸ்

அன்புள்ள மீனாட்சிக்கு,

உன் கடிதமும், பள்ளிகளிடையே நடக்கவிருக்கும் குழுப்பாட்டுப் போட்டிக்காக நீ எழுதியிருக்கும் விதிகளின் வரைவும் கிடைத்தன. இங்கே இவற்றையெல்லாம் எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்டிருந்தாய். மகன் உயர்நிலைப் பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறான். நானும் பெற்றோர் சங்கத்தின் சார்பில் எடுபிடி வேலைகளுக்குப் போய்வருவதால், ஓரளவு விவரமாகவே எழுத முடிகிறது.

டெக்சஸில் இந்தப் போட்டிகள் யூ.ஐ.எல். (யுனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக்) என்ற அமைப்பின் பொறுப்பில் நடக்கின்றன. 1910-இல் தொடங்கிய அது ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. விளையாட்டுப் போட்டிகளும் பேச்சுப் போட்டிகளும்கூட அதன் கையில்தான் இருக்கின்றன. மாணவர் எண்ணிக்கையை வைத்து உயர்நிலைப் பள்ளிகளை 1ஏ முதல் 6ஏ வரை பிரித்துவிடுவதால், நூறு பேர் படிக்கும் கிராமத்துப் பள்ளியையும் மூவாயிரம் பேர் படிக்கும் நகரப் பள்ளியையும் ஒரே தராசில் வைப்பதில்லை. உன் வரைவில் இந்தப் பிரிவினையே இல்லை. அதை முதலில் சேர்த்துக்கொள்.

அடுத்து, நீ முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று எழுதியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வசந்த காலத்தில் நடக்கும் இந்த மேடைப் போட்டியில் பள்ளிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதே கிடையாது. மூன்று நடுவர்கள், தங்களுக்குள் கலந்து பேசாமல், ஒவ்வொரு குழுவுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை ஒரு தரம் கொடுக்கிறார்கள். ஒன்று என்பது மிகச் சிறப்பு, ஐந்து என்பது மோசம். இருவர் ஒரே தரத்தைக் கொடுத்தால் அதுவே முடிவு. மூவரும் வெவ்வேறாகக் கொடுத்தால் நடுவில் நிற்பது முடிவு. சராசரி எடுத்தால் ஒருவருடைய கோபதாபமே ஒரு பள்ளியைக் கவிழ்த்துவிடும் என்பதை நம் கல்லூரி நாள்களிலேயே பார்த்தவர்கள் நாம், ஆகையால் இதன் நியாயத்தை உனக்கு விளக்க வேண்டியதில்லை. வாசிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே நடுவர் தம் கருத்துகளைப் பேசிப் பதிவு செய்கிறார். ‘இந்த இடத்தில் டிராம்போன்கள் முந்துகின்றன’ என்று அந்த நொடியிலேயே சொல்லப்படுவதை மறுநாள் வகுப்பில் பிள்ளைகள் கேட்கும்போது, வெறும் மதிப்பெண் தாளால் கிடைக்காத பாடம் கிடைக்கிறது.

எதை வாசிப்பது என்பதிலும் கட்டுப்பாடு உண்டு. பேண்டுகள் தாமே தேர்ந்தெடுக்கும் ஓர் அணிநடை இசையுடன் (மார்ச்), கடினத்தை வைத்துத் தரம் பிரித்த அங்கீகாரப் பட்டியலிலிருந்தும் உருப்படிகளை எடுத்துக்கொள்வது வழக்கம். பெரிய பள்ளியின் முதன்மைக் குழு சுலபமான உருப்படியை எடுத்துத் தப்பித்துக்கொள்ள முடியாது. நடுவர்களுக்கு ஆளுக்கொன்றாக மூன்று அசல் இசைப் பிரதிகள் கொடுத்தாக வேண்டும். பதிப்பாளரின் அனுமதியில்லாமல் நகலெடுத்த பிரதி செல்லாது. நடுவர் குறிப்பெழுத வசதியாக அந்தப் பிரதிகளில் ஒவ்வொரு ‘பார்’ எனப்படும் தாளக் கட்டத்துக்கும் வரிசை எண் இட்டிருக்க வேண்டும். சென்ற மாதம் அந்த எண்களைப் பென்சிலால் எழுதிக்கொடுத்தது நான்தான். முந்நூறைத் தாண்டியதும் கண் பூத்துவிட்டது.

இவற்றையெல்லாம்விட எனக்கு மிகவும் பிடித்தது ‘சைட் ரீடிங்’ என்னும் இரண்டாவது தேர்வு. மேடையிலிருந்து இறங்கியதும் குழுவை வேறோர் அறைக்கு அழைத்துச் செல்கிறார்கள். இதுவரை யாரும் பார்த்திராத ஓர் இசைத்தாள் அங்கே காத்திருக்கிறது. குறித்த சில நிமிடங்களுக்கு ஆசிரியர் அதைப் பிள்ளைகளுக்கு விளக்கலாம், பாடியும் காட்டலாம். ஆனால் அந்த நேரத்தில் யாரும் கருவியிலிருந்து ஒலியெழுப்பக் கூடாது. பிள்ளைகள் தமக்குள் முணுமுணுத்துக்கொண்டு விரல்களை மட்டும் சாவிகளின்மேல் ஓட்டிப் பார்ப்பார்களாம். அதன்பின் ஒரேயடியாக வாசித்துவிட வேண்டும். இதற்கு வேறு மூன்று நடுவர்கள் உண்டு. மேடையிலும் இங்கும் முதல் தரம் பெற்றால்தான் ‘ஸ்வீப்ஸ்டேக்ஸ்’ விருது கிடைக்கும். இந்தத் தேர்வு மட்டும் இல்லாவிட்டால், ஆண்டு முழுவதும் அதே மூன்று உருப்படிகளை உருப்போட்டு மேடையேறும் பள்ளிகளுக்கும் உண்மையாகவே இசை கற்றுத்தரும் பள்ளிகளுக்கும் வேறுபாடு தெரியாமலே போயிருக்கும்.

உன் போட்டியிலும் இப்படி ஒரு சுற்றை வைக்கலாம் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஆனால் கீர்த்தனை வேண்டாம். ஸ்வரங்களை அசைத்தும் இழைத்தும் பாடும் கமகங்கள் எழுத்தில் முழுதாக வருவதில்லை, அதைத் தாளைப் பார்த்துப் பாடச் சொல்வது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். மோகனம் போன்று அவர்களுக்குப் பழக்கமான ராகத்தில், ஆதி தாளத்தில், புதிதாக ஒரு கீதத்தை யாரையாவது அமைத்துத் தரச் சொல். சுருதிப் பெட்டி ஒலிக்கட்டும். தாளம் போடலாம், முணுமுணுக்கலாம். பத்து நிமிடம் கழித்துப் பாடட்டும்.

பாடங்களில் தேறாதவர்களைச் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தாய். இங்கே 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மதிப்பெண் காலத்தின் முடிவில் ஏதேனும் ஒரு பாடத்தில் எழுபதுக்குக் கீழே போனால் போட்டியில் கலந்துகொள்ள முடியாது. தொடக்கத்தில் ஆறு வாரமாக இருந்த தடையைப் பிறகு மூன்று வாரமாகக் குறைத்தார்கள். சில உயர்தரப் பாடங்களுக்கு விலக்கும் உண்டு. தடைக்காலத்தில் ஒத்திகைக்கு வரலாம், போட்டியில் கலந்துகொள்ளத்தான் முடியாது; நான் மேலே சொன்ன வசந்த கால மேடைப் போட்டிக்கு மட்டும் பிற்பாடு விலக்கு தந்துவிட்டார்கள். 1985-இல் மாநில உச்ச நீதிமன்றமும் இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இருந்தாலும் எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. கணக்கில் கோட்டைவிட்ட பையனுக்குப் பள்ளிக்கு வர இருக்கும் ஒரே காரணம் அந்த டிரம்பெட்டாகவே இருக்கலாம். தவிர, குழுவில் ஓபோ என்ற ஊதுகருவியை வாசிக்கும் ஒரே பையன் தடைபட்டால் தண்டனை குழு முழுவதற்கும்தான். உன் விதிகளில் இதைச் சேர்க்காதே.

பக்கவாத்தியத்தைப் பற்றி உன் வரைவில் ஒரு வார்த்தையும் இல்லை. மிருதங்கத்தை மாணவரே வாசிக்க வேண்டுமா, ஆசிரியர் வாசிக்கலாமா, வெளியிலிருந்து வித்வானை அழைத்து வரலாமா என்பதை இப்போதே எழுதிவிடு. இல்லையென்றால் போட்டியன்று காலையில் அதுதான் முதல் தகராறாக இருக்கும். திருத்திய வரைவை அனுப்பினால் இந்த வாரக் கடைசியில் படித்துக் குறிப்பெழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
சாரதா