நமது ஐக்கிய ஜெபக்குழுவின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், போதகர் ஐயா, பங்குத்தந்தை இருவருக்கும், வந்திருக்கும் அங்கத்தினர் அனைவருக்கும் ஆண்டவரின் நாமத்தில் வாழ்த்துகள். வராதவர்களும் படிக்க வேண்டும் என்பதால் அறிக்கையை எழுத்தில் தருகிறேன்.

ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு ஜெபவாரம் நடந்தது. பெரிய வெள்ளி தியானம், ஓண விடுமுறையில் பிள்ளைகளுக்கு வேதாகம வகுப்பு, கிறிஸ்துமஸ் கேரல் எல்லாம் வழக்கம்போல் நடந்தன.

இந்த ஆண்டு நான் முன்நின்று தொடங்கியது வீட்டு ஜெபம். மாதம் ஒரு வீடு. சி.எஸ்.ஐ., ஆர்.சி., இரட்சணிய சேனைக்காரர் எல்லோரும் கூடி ஜெபித்து, அந்த வீட்டில் வைப்பதைச் சாப்பிட்டுவிட்டுக் கலைவது. 1956-ல் மாநிலம் பிரிந்தபோது களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் அண்ணன், பாறசாலைப் பக்கம் தம்பி என்று ஆனவர்கள் நாம். நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. ஒரு வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, தமிழ்க் கீர்த்தனையை மலையாள எழுத்தில் நோட்டில் எழுதி வைத்துப் பாடினாள். பக்கத்து வீட்டு மலையாளத்து அம்மச்சி அதே நோட்டைப் பார்த்துக் கூடவே பாடினார். பாஷை நமக்குத் தடையே இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. குன்றுமேல் வீடுகளில் ஜெபம் வைத்த மாதங்களில், கடைசி ஆமென் சொன்னதும் சிலர் செருப்பைத் தேடினார்கள். ஒருவருக்கு சுகர், ஒருவருக்கு அவசர வேலை. அந்த வீட்டுக்காரர்கள் மத்தியானம் முதல் மரச்சீனி அவித்து, மீன்கறி வைத்து, வாழையிலையும் அறுத்து வைத்திருந்தார்கள். பாதி இலை மிஞ்சியது. வேறு வீடுகளில் இதே ஆட்களுக்கு எந்த அவசரமும் வரவில்லை என்பதைச் செயலாளர் என்ற முறையில் பதிவு செய்கிறேன்.

இதனால்தான் வேன் பிடித்து வடக்கன்குளம் போனோம். தேவசகாயம் பிள்ளை 1745-ல் ஞானஸ்நானம் பெற்ற ஊர் அது. நட்டாலத்தில் நாயர் குடும்பத்தில் பிறந்தவர், ஒதுக்கப்பட்டவர்களோடு சமமாகப் பழகினார். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ல் புனிதர் பட்டம் கிடைத்தது. அதே வடக்கன்குளத்தில் பிற்காலத்தில் சாதிக்கு ஒரு பக்கமாகக் கோயில் கட்டி, நடுவே சுவரும் வைத்தார்கள். 1910-ல் கௌசானல் சாமியார் அதை இடித்தார். சுவர் வேண்டும் என்று வழக்குப் போட்டவர்கள் சென்னை உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள். எபேசியர் நிருபத்தில் கிறிஸ்து நடுச்சுவரைத் தகர்த்தார் என்று பவுல் எழுதியதை நாமும் வருஷந்தோறும் வாசிக்கிறோம். வாசித்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனால் என்ன அர்த்தம் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

கணக்கைப் பொறுத்தவரை, சந்தாவும் காணிக்கையும் வேன் வாடகை, ஒலிபெருக்கி, பிள்ளைகள் பரிசு ஆகியவற்றுக்குச் சரியாக இருந்தது. சிறு தொகை கையிருப்பு, விவரம் பொருளாளரிடம். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். குன்றுமேல் வீடுகளில் ஒருவர்கூடப் பாக்கி இல்லை.

இடம் தந்த பள்ளிக்கூடத்தாருக்கும், பாடல் குழுவுக்கும், சமையலுக்கு உதவிய சகோதரிகளுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் வீட்டு ஜெபம் தொடர வேண்டும் என்பது என் விருப்பம். வேறு யாராவது பொறுப்பேற்க முன்வந்தால் சந்தோஷமாக ஒப்படைக்கிறேன். ஆனால் சாப்பாட்டை நிறுத்திவிட்டு ஜெபம் மட்டும் வைக்கலாம் என்ற யோசனைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். முதல் கூட்டம் வருகிற இரண்டாம் சனிக்கிழமை, குன்றுமேல், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வீடு. எத்தனை பேருக்கு உலை வைக்க வேண்டும் என்று அந்த அக்கா கேட்டிருக்கிறார். சாப்பிடுகிறவர்கள் இன்றே என்னிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்